பாக் நீரிணையின் இரு கரைச் செய்தித்தாள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடுகளுக்கிடையிலான உறவில் நாளிதழ்களுக்கு உள்ள பொறுப்பைப் பற்றி அண்மையில் தாங்கள் எழுதியிருந்த தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். ஐ.நா. மன்றம், வல்லரசுகளின் பேச்சுவார்த்தை மேசை, போர்முனை என்று அது உலகையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நம் வாசலுக்கு எதிரே, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கிடக்கும் பாக் நீரிணைப் பக்கம் மட்டும் அது எட்டிப் பார்க்கவில்லை. இரு நாடுகளுக்கு இடையிலான மீன்பிடித் தகராறில், இரண்டு தரப்பிலும் நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர்கள் ஒரே மொழியில் செய்தித்தாள் படிக்கிற இடம் இது. தலையங்கத்தில் சொல்லப்பட்ட பொறுப்பை உரசிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல உரைகல் நமக்கு வாய்க்காது என்பதால் இந்த நீண்ட கடிதத்தை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் முதலில் ஊர்ப்புற நூலகராகவும் பிறகு கிளை நூலகராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் நாளிதழ்களைப் பிரித்து, தாள்கள் தனித்தனியே பறந்துவிடாமல் நடுவில் சணல் நூல் கோத்து, வாசிப்பறை மேசையில் பரப்பி வைப்பதுதான் அன்றாடம் என் முதல் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்றால் அறை நிரம்பிவிடும். கரையில் ஏற்றிய விசைப்படகுக்கு வர்ணம் அடித்த கையோடு வந்து உட்காருபவர்களின் விரல் அடையாளம் மறுநாள் வரை பக்கங்களில் இருக்கும். மற்ற மாதங்களில் வருபவர்கள் அநேகமாகப் பெண்கள். கணவர் பெயரோ பிள்ளை பெயரோ இலங்கைக் கடற்படை பிடித்தவர்களின் கைதுப் பட்டியலில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக வருவார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஓர் அம்மாவை நான் மறக்கவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "சார், எம் மவன் பேரு போட்டிருக்கானு பாருங்க" என்றார். போட்டிருந்தது. வயதும் சரியாக இருந்தது. தகப்பன் பெயர் மட்டும் வேறாக அச்சாகியிருந்ததால் அது தன் மகன்தானா, அதே பெயரில் உள்ள பக்கத்துத் தெருப் பையனா என்று தெரியாமல் மூன்று நாள் அலைந்தார். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வந்து, விட்டுவிட்டார்கள் என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்பார். நான் ஐந்து நாளிதழ்களையும் புரட்டிவிட்டு இல்லை என்பேன். ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து ஒரு நாள் மகனையே கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "பேப்பர்ல வரலைன்னாலும் ஆளு வந்துட்டான் சார்" என்று சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன். கைதான செய்தி நான்கு பத்தி அகலத்தில் முதல் பக்கத்தில் வந்திருந்ததும், விடுதலைச் செய்திக்கு ஐந்து இதழ்களில் ஒன்றில்கூட ஓர் அங்குல இடம் கிடைக்காமல் போனதும் பிறகுதான் மனத்தில் தைத்தன.

ஓய்வுக்குப் பின் கைப்பேசியில் யாழ்ப்பாணத்து நாளிதழ்களையும் படிக்கிற பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஒரே இரவில் நடந்த ஒரே நிகழ்வு மறுநாள் இரு கரைகளிலும் எப்படி அச்சாகிறது என்று பார்ப்பது ஒரு படிப்பினை. நம் பக்கத்தில் 'தமிழக மீனவர்கள் சிறைபிடிப்பு' என்று வருவது அங்கே 'அத்துமீறிய இந்திய மீனவர்கள் கைது' என்று வருகிறது. நாம் 'நீதிமன்றக் காவல்' என்பதை அவர்கள் 'விளக்கமறியல்' என்பார்கள். நாம் 'விசைப்படகு' என்பது அவர்களுக்கு 'றோலர்'. வட்டார வழக்கு வேறுபடுவதில் ஒரு குறையும் இல்லை, நூலகன் என்ற முறையில் எனக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் நம் செய்தியில் படகு இழுத்துச் செல்லும் மடி என்ற பை வலையைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அங்குள்ள செய்தியில் படகில் இருந்த கூலி மீனவனின் வீட்டைப் பற்றி ஒரு சொல் இருக்காது. ஒவ்வொரு கரையும் தனக்கு வேண்டாத பாதியை வெட்டிவிட்டு மீதியை அச்சிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு மட்டுமே நடந்தது என்ன என்று விளங்குகிறது. அப்படிப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

வெட்டுப்படுகிற அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2009 இல் போர் முடியும்வரை வடக்கு மாகாணத்துத் தமிழ் மீனவர்கள் பல்லாண்டுகள் தங்கள் சொந்தக் கடலிலேயே விருப்பம்போல் இறங்க முடியாதிருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கி, கடன் வாங்கி, சிறு கண்ணாடியிழைப் படகுகளோடும் நூல் வலைகளோடும் அவர்கள் திரும்பியபோது, இரவில் விரித்த வலைகள் காலையில் அறுந்து கிடந்தன. அறுத்தவை நம் கரையிலிருந்து சென்ற இழுவைப் படகுகள். கடலின் அடித்தரையை உழுதுகொண்டு போகும் மடி, எதிரே கிடப்பது யாருடைய வலை என்று பார்க்காது. மீன்குஞ்சுகளையும் அவை வளரும் புல்படுகைகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடை செய்ததற்குப் பின்னால் வடக்கின் தமிழ் உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரனின் முன்முயற்சி இருந்தது. சிங்கள அரசு தமிழ் மீனவனை வதைக்கிறது என்ற ஒற்றைச் சட்டகத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்துப் படித்தே பழகிய வாசகர், இந்தத் தகவலை எங்கே வைத்துப் புரிந்துகொள்வார்?

நம் பக்கத்துத் துயரத்தை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்ததையும், இலங்கைக் கடற்படை தனக்கு அதில் தொடர்பில்லை என்று மறுத்ததையும், உடலை வாங்க மறுத்து ஊர் திரண்டு உட்கார்ந்திருந்ததையும் அருகிலிருந்து அறிந்தவன் நான். ஆயுதமில்லாத மீனவன்மீது துப்பாக்கி திரும்புவதை எந்த எல்லைக்கோடும் நியாயப்படுத்தாது. படகு பறிபோனால் உரிமையாளருக்குப் பல லட்சம் இழப்பு. அந்தப் படகில் பங்குக்குப் போன கூலி மீனவனுக்கோ பிழைப்பே போய்விடும். இவற்றை நாளிதழ்கள் உரக்கச் சொன்னது சரியே. ஒரு பாதியை மட்டும் நாற்பது ஆண்டுகளாக உரக்கச் சொல்லிவந்ததால் ராஜதந்திரம் நகர இடமில்லாமல் போயிற்று என்பதே என் முறையீடு.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நாளிதழ் அயலுறவை எப்படித் தூக்கி நிறுத்தும், எப்படிக் கவிழ்க்கும் என்பதற்கு ஒரே பத்திரிகை இரண்டு சான்றுகளைத் தந்திருக்கிறது. 1935 அக்டோபரில் இத்தாலி, இன்று எத்தியோப்பியா எனப்படும் அபிசீனியாவின்மீது படையெடுத்தது. அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் சாமுவேல் ஹோரும் பிரெஞ்சுப் பிரதமர் பியர் லவாலும், அந்நாட்டின் பெரும்பகுதியை முசோலினிக்கு விட்டுக்கொடுத்து, ஈடாக அபிசீனியாவுக்குக் கடலை எட்ட ஒரு குறுகிய நிலத்துண்டு தரும் திட்டத்தை மறைவாக வகுத்தார்கள். பாரிஸ் நாளிதழ்கள் அதை வெளியிட்டுவிட்டன. லண்டன் 'டைம்ஸ்' அந்த நிலத்துண்டை 'ஒட்டகங்களுக்கு ஒரு நடைபாதை' என்று தலைப்பிட்டு எள்ளி நகையாடியது. பிரிட்டனில் பொதுமக்கள் நாளிதழ்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். டிசம்பர் 18 அன்று ஹோர் பதவி விலகினார். வாசகர் கடிதம் எழுதுகிறவர்கள் அவ்வப்போது நினைத்து ஆறுதல் கொள்ள வேண்டிய நாள் அது.

அதே 'டைம்ஸ்' மூன்று ஆண்டுகள் கழித்து என்ன செய்தது? ஜெர்மானியர் மனம் புண்படக்கூடிய எதுவும் இதழில் வந்துவிடாமல் இரவுதோறும் பார்த்துக்கொள்வதாக அதன் ஆசிரியர் ஜெஃப்ரி டாசன் 1937 இலேயே தம் நிருபருக்கு எழுதியிருந்தார். 1938 செப்டம்பர் 7 அன்று, செக்கோஸ்லோவாக்கியா தன் ஜெர்மானிய எல்லைப் பகுதிகளைக் கைவிடுவது பற்றி யோசிக்கலாம் என்று அதன் தலையங்கம் கூறியது. இது அரசின் கருத்தன்று என்று பிரிட்டன் மறுப்பு வெளியிட்டது. ஆனால் அரசுக்கு நெருக்கமான நாளிதழ் எழுதுவதை அரசின் மனமாகவே வெளிநாட்டுத் தூதரகங்கள் படிக்கும் என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியாததல்ல. அம்மாத முடிவில் மியூனிக் உடன்பாட்டின்படி அந்தப் பகுதிகள் ஹிட்லரின் ஜெர்மனிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. அரசை வெட்கப்படவைத்த இதழும் அதுதான். அரசு வாய்விட்டுச் சொல்லத் தயங்கியதை முந்திக்கொண்டு சொல்லிக் கொடுத்த இதழும் அதுதான்.

தூதரகங்கள் நாளிதழ் படிப்பது ஏதோ பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். 1961 ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தூதரகங்களின் பணிகளை வரிசைப்படுத்தும்போது, தாம் இருக்கும் நாட்டின் நிலைமைகளைச் சட்டபூர்வமான எல்லா வழிகளிலும் அறிந்து சொந்த அரசுக்கு அறிக்கை அனுப்புவதையும் ஒரு பணியாகவே சொல்கிறது. அந்த வழிகளில் மலிவானதும் அன்றாடம் கிடைப்பதும் நாளிதழ்தான். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. சென்னையில் இலங்கையின் துணைத் தூதரகம் இருக்கிறது. தாங்கள் அச்சிடும் நான்கு பத்தித் தலைப்பு அன்று காலையே கொழும்புக்கு ஒரு குறிப்பாகப் போகும். அக்குறிப்பைப் படிக்கும் அதிகாரி தமிழ்நாட்டு மக்களின் மனநிலையை அதைக் கொண்டே அளப்பார். இது இப்படி இருக்க, ஒவ்வொரு கைதுக்குப் பிறகும் மாநில முதலமைச்சர்கள் தில்லிக்கு எழுதும் கடிதம், அது தில்லி போய்ச் சேருமுன்பே நம் இதழ்களில் முழுதாக வந்துவிடுகிறது. யார் ஆட்சியில் இருந்தாலும் இதுதான் நடைமுறை. அந்தக் கடிதத்தின் முதல் வாசகர் நாம்தான் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

ஆனால் கடிதம் போன பிறகு என்ன நடந்தது? இரு நாட்டு ஒப்பந்தங்கள் இந்தச் சிக்கலில் எங்கே நிற்கின்றன என்பதே பெரும்பாலான வாசகர்களுக்குத் தெரியாது. 1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும் 28 அன்று தில்லியிலும் கையெழுத்தான ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே விசா இன்றி அத்தீவுக்குச் சென்றுவரலாம் என்று அதன் ஐந்தாம் பிரிவு கூறுகிறது. ஒரு நாட்டு மீன்பிடிக் கலங்கள் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று இரு அரசுகளும் ஆதாரமாகக் காட்டுவதோ 1976 மார்ச் எல்லை ஒப்பந்தத்தை ஒட்டி நடந்த கடிதப் பரிமாற்றத்தை. 2024 மார்ச் 31 அன்று ஆங்கில நாளிதழ் ஒன்றில் கச்சத்தீவு ஆவணங்கள் குறித்த செய்தி வந்து, பிரதமர் அதைப் பகிர்ந்து, மறுநாளே வெளியுறவு அமைச்சர் செய்தியாளர்களைச் சந்தித்த அந்த நாட்களில், பக்கம் பக்கமாகத் தீவைப் பற்றியே படித்தோம். 285 ஏக்கர் தீவின்மேல் கொட்டிய மையில் பத்தில் ஒரு பங்கு கடலுக்கடியில் இழுபடும் மடியின்மேல் விழுந்திருந்தால் பயன் இருந்திருக்கும். தேர்தல் முடிந்தது, செய்தியும் கரை ஒதுங்கியது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் தில்லியில் கூடி, மீன்வளம் குறித்த கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்தார்கள். இழுவைமடித் தொழிலைக் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவரும் மாற்றத்தைத் துரிதப்படுத்துவது என்றும், குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடுவது என்றும் அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது. கணக்குப்படி 2024 இறுதிக்குள் முப்பது கூட்டங்களுக்கு மேல் நடந்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் கொழும்பில் நடந்தது ஆறாவது கூட்டம். கூடாமல் போன அந்தக் கூட்டங்களில் ஒன்றைப் பற்றியாவது 'இம்மாதம் கூட வேண்டிய குழு ஏன் கூடவில்லை' என்று எந்த நாளிதழாவது கேட்டதா? நடந்தது செய்தியாகும், நடக்காதது செய்தியாகாது என்பது செய்தி அறையின் வழக்கமாக இருக்கலாம். ராஜதந்திரத்திலோ நடக்காமல் போவதுதான் பெரும்பாலும் செய்தி. 2017 இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தின் கதையும் இதுதான். பாக் நீரிணையில் ஓடும் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டுகளில் மாற்றுவது, ஒரு படகுக்கு ரூ.80 லட்சம், அதில் 70 விழுக்காடு மானியம் என்று அறிவிப்பு பெரிதாக வந்தது. இலக்கில் மிகச் சிறு பகுதியே நிறைவேறியது. சூரை மீனுக்குத் தூண்டில் போடப் பழகாதவனுக்கு ஆழ்கடல் படகைக் கொடுத்தால் மட்டும் போதுமா, டீசல் செலவுக்கு என்ன வழி, மீதமுள்ள கடனை யார் கட்டுவது என்று துறைமுகத்தில் நின்று விசாரித்து எழுத நிறையவே இருக்கிறது.

எல்லாவற்றையும் வெளியிட்டே தீர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 1962 கியூபா நெருக்கடியின்போது, துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளையும் கியூபாவில் இருந்த சோவியத் ஏவுகணைகளையும் ஒருசேர அகற்றலாம் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் அக்டோபர் 25 அன்று தம் பத்தியில் எழுதினார். இரண்டு நாளில் அதே கோரிக்கையை மாஸ்கோ வானொலி சோவியத் தலைவர் குருஷேவின் கடிதமாக ஒலிபரப்பியது. அதிகாரி சொல்ல முடியாததை ஒரு பத்திரிகையாளர் பொதுவெளியில் வைக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் துருக்கி தொடர்பான அமெரிக்க வாக்குறுதி மறைவாகவே தரப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மறைவாகவே இருந்தது. அன்றே வெளியாகியிருந்தால் அந்த உடன்பாடு பிழைத்திருக்குமா என்பது ஐயம். பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் திரைமறைவு தேவை. ஆனால் பாக் நீரிணையில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். தமிழில் பேசிக்கொள்ள அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. இலங்கைத் தரப்பினர் இழுவையை உடனே நிறுத்தச் சொன்னார்கள், நம்மவர்கள் கால அவகாசம் கேட்டார்கள். அவகாசம் எவ்வளவு, அதற்குள் என்ன மாற்றுத்தொழில் என்பதுதான் பேரம். இந்தப் பேரத்தை இரு கரை வாசகர்களும் அறிந்திருந்தால், விட்டுக்கொடுக்கிற தலைவரைத் துரோகி என்று ஏச அவ்வளவு எளிதில் யாருக்கும் நா வராது.

எனவே தங்கள் நாளிதழிடம் நான் வேண்டுவது தலையங்கத்தை அல்ல, செய்தியாளர் எழுதும் பத்து வரிகளில் சில மாற்றங்களை. எந்தக் கைது நடந்தாலும் 'கச்சத்தீவு அருகே' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நெடுந்தீவுக்கு அப்பால் நடந்தாலும், மன்னார்க் கடலில் நடந்தாலும், நாகப்பட்டினத்துப் படகு பருத்தித்துறைக்கு வடக்கே பிடிபட்டாலும் நம் அச்சில் கச்சத்தீவுதான். இடத்தைச் சரியாக எழுதுங்கள். கரையிலிருந்து எத்தனை கடல்மைல் என்று இரு தரப்பும் சொல்வதையும், அவை முரண்பட்டால் முரண்பாட்டையும் அச்சிடுங்கள். பிடிபட்டது இழுவைப் படகா நாட்டுப்படகா என்று குறிப்பிடுங்கள். இரண்டையும் ஒன்றாக எழுதுவதால் பாதிக்கப்படுவது நம் நாட்டுப்படகு மீனவர்தான். ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் வழக்கு எப்போது வருகிறது, படகு அரசுடைமையானதா திரும்பக் கிடைத்ததா என்பதைத் தொடர்ந்து எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு நாளாவது யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றின் செய்தியை அவர்கள் அனுமதியோடு அப்படியே மறுபதிப்பிடுங்கள்; நம்முடையதை அவர்களும் போடட்டும். மொழிபெயர்ப்புச் செலவு இல்லாத பரிமாற்றம் இது. 'விளக்கமறியல்' என்றால் என்ன என்று நம் வாசகர்கள் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்கள்.

இவையெல்லாம் நடைமுறைக்கு வர நாள் பிடிக்கும் என்று அறிவேன். முதல் வேலையாக, அடுத்த முறை விடுதலையாகிக் கொழும்பிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களின் பெயர்களை, அவர்கள் கைதான பட்டியல் வந்த அதே பக்கத்தில், தகப்பன் பெயரையும் ஊரையும் ஒரு முறை சரிபார்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நூலகர்,
இராமநாதபுரம் மாவட்டம்.